‘ஆவன செய்யுமாறு’ என்று முடிக்காதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் என் மேசை இருக்கிறது. 1989இல் ஒரு பழைய ரெமிங்டன் தமிழ் டைப்ரைட்டரோடு வந்து உட்கார்ந்தேன். இப்போது ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர். என் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. ‘டைப் அக்கா’ என்று சொன்னால் ஷேர் ஆட்டோக்காரர் சரியாக இறக்கிவிடுவார். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்றுதான் எனக்குத் தீபாவளி. ஏழரை மணிக்கே பெஞ்சு நிறைந்துவிடும்.

சில வாரங்களுக்கு முன் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஓர் ஆயா வந்தார். மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாலாக மடித்த தாள். முதியோர் உதவித்தொகை கேட்டு முன்பு ஒருமுறை கொடுத்த மனுவின் நகல். வாங்கிப் படித்தேன். ‘ஏழைகளின் கண்ணீர் துடைக்கும் கருணைக் கடலே’ என்று தொடங்கி ஒன்பது வரிக்கு ஆட்சியரைப் பற்றிய புகழ்ச்சி. பத்தாவது வரியில்தான் ஆயா வருகிறார். அப்புறம் வறுமை, முதுமை, அல்லும் பகலும் அல்லல். கடைசியில் ‘எனவே ஐயா அவர்கள் ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’. எழுதியவர் தமிழ் நன்றாகத் தெரிந்தவர். சந்திப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்தத் தாளைப் படித்து யாரும் எழுந்து எதையும் செய்ய மாட்டார்கள்.

‘ஆவன’ என்றால் ஆக வேண்டியவை. ஆக வேண்டியது எது என்று நாம் சொல்லவில்லை. அதிகாரி யோசிக்கிறார். அவருக்குச் சுலபமாக ஆவது, அந்தத் தாளை இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பது. அனுப்பிவிடுகிறார். நாம் கேட்டதைத்தானே செய்தார், எப்படிக் கோபித்துக்கொள்வது?

இத்தனை வருடத்தில் சொல்வன்மைக்கு என்னிடம் மிஞ்சியிருக்கும் பொருள் ஒன்றுதான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் ‘சரி’ என்று சொல்வதற்கான வசதியை நாமே செய்து கொடுப்பது. மனுவுக்கு மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கப் போகிறவர், பிள்ளையின் டி.சி.க்கு அலைகிறவர், தெருக் கூட்டத்தில் எழுந்து நிற்கப் போகிறவர், எல்லாருக்கும் இது பொருந்தும் என்றுதான் எழுதுகிறேன்.

சொல்வன்மை என்ற பேச்சை எடுத்தாலே நம் ஆட்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்று சொல்லும் அதே வாய், ‘சும்மா வாய்ப்பந்தல் போடுறான்’ என்றும் சொல்லும். சமணப் பள்ளியிலிருந்து சைவத்துக்குத் திரும்பியதற்காகக் கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட திருநாவுக்கரசர் எங்கள் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில்தான் மிதந்து வந்து ஏறினார் என்பது ஐதீகம். நாவுக்கு அரசர் கரையேறிய ஊரிலேயே பேச்சுக்காரன் என்றால் பாதி மரியாதை, பாதி உஷார்.

இங்கிலீஷில் ‘ரெட்டரிக்’ என்கிறார்களே, அதற்கும் இதே கதிதான். பொதுச்சபையில் எழுந்து பேசுகிறவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் அது ஒரு படிப்பு. இன்று ‘அதெல்லாம் வெறும் ரெட்டரிக்’ என்றால் உள்ளே சரக்கு இல்லை என்று அர்த்தம். கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற ஓர் ஐயா பென்ஷன் வேலையாக என்னிடம் வருவார். அந்தப் படிப்பு எங்கே தொடங்கியது என்று அவர் சொன்னபோது எனக்கு ஒரே சந்தோஷம். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சிராகூஸ் நகரத்தில் கொடுங்கோலர் ஆட்சி கவிழ்ந்தது. அவர்கள் பறித்துவைத்திருந்த நிலத்தை மீட்க மக்கள் நீதிமன்றத்தில் குவிந்தார்கள். அங்கே எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்கக் கோராக்ஸ் என்பவர் கிளம்பினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்களாம். அதாவது பட்டாத் தகராறு. இந்தக் கலை என் மேசையில்தான் பிறந்திருக்கிறது!

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் எழுதாதீர்கள். எங்கள் பெஞ்சில் உட்காருகிறவரிடம் நான் கேட்கும் கேள்வி இது: “அவர் இன்னைக்கே சரின்னு சொல்லிட்டார்னு வைங்க. நாளைக்குக் காலையில யாரு, எங்க வந்து, என்ன செய்வாங்க?” பெரும்பாலும் பதில் வராது. புதுப்பாளையத்துக்காரர் ஒருவர் “சாக்கடைப் பிரச்சினை தீரணும்” என்று வந்தார். எத்தனை நாளாக? “ரொம்ப நாளா.” மழை இல்லாதபோதும் நிற்கிறதா? நிற்கிறது. எந்த வீடு வரை? மூன்றாவது வீடு வரை. அதற்கு அப்பால்? அப்பால் காய்ந்து கிடக்கிறது. மூன்றாவது வீட்டில் என்ன நடந்தது? போன வருடம் இடித்துக் கட்டினார்கள். இருபது நிமிடம் இப்படிப் போனதும் வந்து சேர்ந்த வாக்கியம்: ‘மூன்றாவது வீட்டு வாசலில் உள்ள சிறுபாலத்தின் அடியில் அடைத்திருக்கும் கட்டட இடிபாட்டை அகற்றித் தர வேண்டும்.’ இதைப் படிக்கும் மாநகராட்சி ஊழியருக்கு என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று தெரியும். அரை நாள் வேலை என்றும் தெரியும். ‘சாக்கடைப் பிரச்சினை’ என்று எழுதியிருந்தால் அது ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டிய வேலையாக அவருக்குத் தோன்றியிருக்கும்.

அந்த ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டால் அதையே ‘பொருள்’ என்ற வரியில் போடுங்கள். கடைசியிலும் ஒருமுறை போடுங்கள். நடுவில் இருப்பது அதற்குத் தூண்.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் பாதி வேலை. எதை எடுத்தாலும் ‘முதலமைச்சருக்கு எழுதுங்கக்கா’ என்பவர்கள் இருக்கிறார்கள். எழுதலாம். அது சென்னைக்குப் போய், மாவட்டத்துக்கு வந்து, வட்டத்துக்கு இறங்கி, கடைசியில் உங்கள் கிராம நிர்வாக அலுவலர் கையில்தான் வந்து நிற்கும். முதியோர் உதவித்தொகை என்றால் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று ஒருவர் இருக்கிறார். தெருவிளக்கு அவர் கையில் இல்லை. தன் கையில் இல்லாததைக் கேட்டால் எவ்வளவு நல்ல மனுஷராலும் ‘சரி’ சொல்ல முடியாது. தன் கையில் இருப்பதைக் கேட்டால் சிடுசிடுப்பானவர்கூடச் சில சமயம் சொல்லிவிடுவார். வீட்டிலும் இப்படித்தான். மாமியாரிடம் கேட்க வேண்டியதை மாமனாரிடம் கேட்டுவிட்டு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி, ஆளை நம்பவைப்பது எது? கிறிஸ்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் இதை மூன்றாகப் பிரித்தார். பேசுகிறவர்மேல் வரும் நம்பிக்கை, கேட்பவர் மனதில் எழும் உணர்ச்சி, சொல்லும் காரணத்தின் பலம். கிரேக்கத்தில் ஈத்தோஸ், பாத்தோஸ், லோகோஸ். ஐயா இதை விளக்கியபோது எனக்கு முதுநகர் மீன் மார்க்கெட்தான் நினைவுக்கு வந்தது. சங்கரா மீனைக் கையில் எடுத்து “நேத்து மீனா?” என்று கேட்டுப் பாருங்கள். அந்த அம்மா உடனே செவுளைத் தூக்கிக் காட்டுவார், “பாரு, ரத்தம் போல இருக்கு.” அது காரணம். “நாளைக்கும் நான் இங்கதான் குந்தியிருப்பேன், கெட்டிருந்தா கொண்டாந்து மூஞ்சியில வீசு.” அது நம்பிக்கை. “புள்ளைக்குக் குழம்பு வச்சிக் குடு கண்ணு, தெம்பா இருக்கும்.” அது உணர்ச்சி. மூன்றும் இருபது விநாடிக்குள் முடிந்துவிடும். வரிசையையும் கவனியுங்கள். முதலில் செவுள். செவுளைக் காட்டாமல் ‘கண்ணு, தங்கம்’ என்று ஆரம்பிக்கிற கடையில் நான் மீன் வாங்குவதில்லை.

மனுவில் செவுள் என்பது எண்ணும் தேதியும். இதை எனக்குக் கற்பித்தது ‘தானே’ என்று பெயர் வைத்த புயல். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. அடுத்த சில வாரங்களில் கணக்கில்லாமல் எழுதினேன். எல்லாவற்றிலும் ‘ஈடு செய்ய முடியாத பேரிழப்பு’, ‘வாழ்வாதாரம் முற்றிலும் அழிந்து’. எனக்கே கை மரத்துவிட்டது. ஐம்பது மனுவில் ஐம்பதும் பேரிழப்பு என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன எடை இருக்கும்? ஒரு நாள் ஒரு பெரியவர் பீடிக் கட்டுக் காகிதத்தின் பின்பக்கத்தில் கரியால் எழுதிக்கொண்டு வந்தார். முந்திரி 41, பலா 6, அதில் 2 தாத்தா வைத்தது, கீற்றுக் கொட்டகை 1, சர்வே எண் இன்னது. அவ்வளவுதான். ‘அப்படியே டைப் அடிச்சிக் குடும்மா’ என்றார். அடித்தேன். படித்துப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ‘அதில் 2 தாத்தா வைத்தது’ என்ற நாலு சொல் செய்ததை என் ‘ஈடு செய்ய முடியாத’ செய்யவில்லை. அன்றிலிருந்து உரிச்சொற்களுக்கு நான் தனியாகக் காசு வாங்காததோடு, போடுவதையே பெரும்பாலும் விட்டுவிட்டேன்.

‘பலமுறை அலைந்தேன்’ என்று எழுதாதீர்கள். ‘மார்ச் 4, ஏப்ரல் 1, மே 6 ஆகிய தேதிகளில் நேரில் வந்தேன்’ என்று எழுதுங்கள். முன்பு கொடுத்த மனுவின் எண்ணைப் ‘பார்வை’ என்ற இடத்தில் போடுங்கள். குரலை உயர்த்தாமலேயே அது கண்டிப்பாகப் பேசும்.

காரணம் என்று வந்துவிட்டதால் கண்ணகியைச் சொல்லாமல் போக முடியாது. என்னிடம் வரும் இளைஞர்கள் ‘தேரா மன்னா’வைப் பிடித்துக்கொள்கிறார்கள். “காரமா எழுதுங்கக்கா, கண்ணகி மாதிரி.” சிலப்பதிகாரத்தில் அந்த இடத்தைப் பொறுமையாகப் படித்தால், அவள் வழக்கை வென்றது காரத்தால் இல்லை என்று தெரியும். அரசன் கேட்டதற்குத் தான் யார், எந்த ஊர், அந்த ஊரை ஆண்டவர்கள் நீதிக்காக என்ன செய்தார்கள் என்று சொல்கிறாள். கள்வனைக் கொல்வது முறைதான் என்கிறான் அரசன். அதற்கு அவள் நீளமாக வாதாடவில்லை. என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கப் பரல் என்கிறாள். எங்களுடையதில் முத்து என்று அரசன் தன் வாயாலேயே சொல்கிறான். அதற்குப் பிறகுதான் சிலம்பு உடைகிறது. உடைத்துவிட்டு ‘பார், மாணிக்கம்’ என்றிருந்தால் அது நிரூபணம் ஆகாது. எது யாருடையது என்பதற்கான சோதனையை முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொண்டாயிற்று. அரசனால் இனி மறுக்க வழியே இல்லை.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ‘புலப்பட வரைபடத்தில் இந்தப் பாதை இருந்தால் என் கோரிக்கையை ஏற்க வேண்டும், இல்லையென்றால் தள்ளிவிடலாம்’ என்று எழுதிப் பாருங்கள். ஒரு சர்வே எண் நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் அரசுப் படம் அது. அதிகாரி அந்தப் படத்தைத் தேடி எடுப்பார். சும்மா ஆர்வத்துக்காவது எடுப்பார்.

‘தேரா மன்னா’ என்று தொடங்கலாமா என்றால், ஒன்றை யோசியுங்கள். கணவன் போய்விட்டான். அரசனிடம் அவள் பெற்றுக்கொள்ள எதுவும் மீதி இல்லை. உங்களுக்கு இன்னும் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு கையெழுத்து வேண்டுமென்றால் அப்படித் தொடங்காதீர்கள்.

ஒன்பதாம் வகுப்பில் நன்னூல் சூத்திரத்தை ஒப்பிக்கும்போது அது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. பவணந்தியார் நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்கிறார். எனக்கு இப்போது அதுதான் செக்லிஸ்ட். எல்லாவற்றையும் இங்கே அடுக்கப் போவதில்லை. மனுவைக் கொல்வது அதில் மூன்று. ஒன்று, மற்றொன்று விரித்தல். பட்டா மாறுதல் கேட்க வந்தவர், சித்தப்பா கல்யாணத்துக்குக் கூப்பிடாததை அரைப்பக்கம் எழுதச் சொல்வார். அவருக்கு அதுதான் வலிக்கிறது, எனக்குப் புரிகிறது. ஆனால் வட்டாட்சியரால் அந்தக் கல்யாணத்தைத் திரும்ப நடத்த முடியாது. இன்னொன்று, மாறுகொளக் கூறல். மேலே ‘நான் தனியாக வசிக்கிறேன்’, கீழே ‘நானும் என் தம்பி குடும்பமும் ஒரே வீட்டில்’. படிக்கிறவர் பேனாவை அங்கே நிறுத்தினால் அதோடு முடிந்தது. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்த பெயர், சென்று தேய்ந்து இறுதல். ஜோராகக் கிளம்பி, போகப் போக மெலிந்து, கடைசியில் மூச்சு நின்றுபோவது. கருணைக் கடலில் தொடங்கி ‘ஆவன’வில் முடியும் மனுவுக்கு எழுநூறு, எண்ணூறு வருடத்துக்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள்.

அலங்காரமே கூடாதா என்று கேட்பீர்கள். இடத்தைப் பொறுத்தது. மேடையில் பேசுவதைக் கேட்பவர் முந்தைய வரியைத் திருப்பிப் பார்க்க முடியாது. அதனால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப வைப்பதும், எதுகை மோனையும், அடுக்குமொழியும் நினைவில் ஆணி அடிக்கும் வேலையைச் செய்கின்றன. அண்ணாவின் பேச்சை ஊர் ஊராகப் போய்க் கேட்டவர்கள் அதில் சில வரிகளை வயதான பிறகும் ஒப்பித்ததை நான் பார்த்திருக்கிறேன். தாளைத் திருப்பிப் படிக்கலாம். ஒரு நாளைக்கு நூறு தாள் படிக்கிறவருக்கு அடுக்குமொழி என்பது வழியில் கிடக்கும் கல்.

இன்னொன்று, ஆளின் குரல். இதற்கும் ஐயாதான் ஒரு கதை சொன்னார். ஏதென்ஸில் வழக்குக்குப் போனால் அவரவர் வழக்கை அவரவரே பேச வேண்டும். அதனால் பேச்சு எழுதிக் கொடுக்கும் ஆட்கள் இருந்தார்கள். லிசியாஸ் அவர்களில் பெரிய கை. அவர் அப்பா சிராகூஸ்காரர். அவர் எழுதியவற்றில் ஒன்று கால் ஊனமான ஒருவருக்கானது. அரசு அவருக்குத் தினம் ஓர் ஓபோல் காசு உதவித்தொகை கொடுத்துவந்தது. ‘இவன் குதிரை ஏறுகிறான், நல்லாத்தான் இருக்கிறான், நிறுத்துங்கள்’ என்று எவனோ புகார் கொடுத்துவிட்டான். அந்த மனிதர் சபையில் என்ன சொல்கிறார் தெரியுமா? என்னிடம் வசதி இருந்தால் சேணம் போட்ட கோவேறு கழுதையில் சொகுசாகப் போவேன், இரவல் குதிரையில் ஏன் ஏறப்போகிறேன்? மற்றவர்கள் ஒரு கோல் ஊன்றுகிறார்கள், நான் இரண்டு ஊன்றுகிறேன். இரண்டு கோல் வைத்திருப்பதால் நான் பலசாலி என்றும் இவர் புகார் சொல்லலாமே! ஏறக்குறைய 2400 வருடத்துக்கு முந்தைய உதவித்தொகை மனு அது. அதில் அழுகை இல்லை. குசும்பு இருக்கிறது. அந்த ஆளைப் பார்க்காமலேயே நமக்குப் பிடித்துப்போகிறது. வாடிக்கையாளர் பேசாத தமிழை அவர் வாயில் வைத்தால் அது அவர் மனு ஆகாது என்று அன்றைக்குப் புரிந்தது. ‘அன்னார்’, ‘மேற்படியார்’ எல்லாம் அப்புறம்தான் என் மேசையை விட்டுப் போயின.

நேரில் பேச வேண்டி வந்தால் உங்களுக்குக் கிடைப்பது அரை நிமிடம். பின்னால் வரிசை நிற்கிறது, பக்கத்தில் ஊழியர் ‘குடுத்துட்டு நகரும்மா’ என்பார். அதனால் கேட்பதை முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள். தாளில் ஓர் இடத்தை விரலால் காட்டுங்கள். விரல் போகும் இடத்துக்குக் கண்ணும் போகும். பிறகு நிறுத்துங்கள். இந்த நிறுத்துவதுதான் எல்லோருக்கும் கஷ்டம். அவர் யோசிக்கத் தொடங்கும் நேரத்தில் நாம் ‘அது மட்டும் இல்லீங்க ஐயா’ என்று இரண்டாவது பிரச்சினையை எடுப்போம், முதலாவது போய்விடும். பஸ்ஸில் வரும்போது இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். பக்கத்து சீட்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

சொல்வன்மையே தேவைப்படாத இடமும் உண்டு. அங்கே அதைக் காட்டினால் கெட்டுவிடும். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், எந்த ஆவணத்தின் நகல், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. முடிந்தது. பதிலுக்கு 30 நாள். இதிலும் ‘மனவேதனையுடன்’ என்று எழுதச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேதனைக்குப் பதில் தர அந்தச் சட்டத்தில் பிரிவு இல்லை.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும். பத்து வருடத்துக்கு முன் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நிதானமான பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் பொதுப்பாதையில் மாட்டுக்கொட்டகை போட்டு மறித்துவிட்டார் என்றார். தேதி, அளவு, போட்டோ எல்லாம் கையில் இருந்தது. புலப்பட வரைபடம் கேட்டேன். “அது எதுக்குக்கா, போட்டோவே போதும்” என்றார். எனக்கும் கை துறுதுறுத்தது. பள்ளிப் பிள்ளைகள் சுற்றிப் போவது, ஆம்புலன்ஸ் வர முடியாதது, ஒவ்வொன்றாக வைத்துக் கட்டினேன். நான் எழுதியதிலேயே நல்ல மனுக்களில் ஒன்று அது. மூன்று வாரத்தில் கொட்டகை போனது. நாலாவது வாரம் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தார். அதே சர்வே எண்ணைச் சொன்னார். அவர் கொண்டுவந்த வரைபடத்தில் பாதை என்று ஒன்று இல்லவே இல்லை. அது அவருடைய இடம். மாடு இரண்டும் அப்போது வேப்பமரத்தடியில் மழையில் நின்றுகொண்டிருந்தன என்றார்.

அவருக்கு எழுதிக் கொடுத்தேன். என் முந்தைய மனுவை நானே உடைக்க வேண்டியிருந்தது, அதுவும் கஷ்டமாகத்தான் இருந்தது. உத்தரவு வர பதினொரு மாதம் ஆயிற்று. காசு வாங்கவில்லை. முதல் மனுவை எழுதியது நான்தான் என்று அவரிடம் சொல்லவும் இல்லை. பேச்சுக்கலையைப் பிளாட்டோ சமையலோடு ஒப்பிட்டாராம். உடம்புக்கு ஆகாததையும் ருசியாகச் செய்து மருந்துபோல் ஊட்டிவிடும் என்று. ஐயா இதைச் சொன்னபோது நான் டீ கொண்டுவரும் சாக்கில் எழுந்து போய்விட்டேன். இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யாராவது ‘அந்தத் தாள் வேண்டாம்’ என்றால், முதலில் அந்தத் தாளைத்தான் கேட்பேன். காட்ட மறுத்தால் அன்று என் பிரிண்டரில் இங்க் இருக்காது.

ஆயாவின் கதையை முடிக்கவில்லை. கருணைக் கடலை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக அடித்தேன். பொருள், முதியோர் உதவித்தொகை வழங்கக் கோருதல். பார்வை, முந்தைய மனுவின் எண், தேதி. வயது 71, ஆதார் நகல் இணைப்பு. சொந்த நிலம் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போய்வந்தவர், முழங்கால் வலியால் இரண்டு வருடமாகப் போகவில்லை. குடும்ப அட்டை நகல் இணைப்பு. கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வரி. மொத்தம் பதினான்கு வரி. எனக்கே திருப்தியாக இருந்தது. சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

ஆயா கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், “எல்லாம் சரிதான் கண்ணு. என் புள்ளைய எழுதலியே?” என்றார்.

“எந்தப் புள்ள ஆயா?”

“செத்துப்போனானே.”

ஆயா, சோகத்தை எழுதினால் வேலை நடக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். தொடர்ந்து பதினைந்து பேர் காத்திருந்தார்கள். இருந்தாலும் எப்போது என்று கேட்டேன். கொரோனா இரண்டாவது அலையில், பண்ருட்டி ஆஸ்பத்திரியில் என்றார். கல்யாணம் ஆகாதவன், கரும்பு வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவன். எனக்கு ஏதோ உறுத்தியது. பின் போட்டு வைத்திருந்த இணைப்புகளைப் புரட்டி, குடும்ப அட்டை நகலை எடுத்தேன். இரண்டு பெயர் இருந்தது. ஆயாவின் பெயர், கீழே மகன் பெயர். வயது நாற்பது சொச்சம். யாரும் நீக்கவில்லை.

விசாரணைக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது அந்த அட்டையைத்தான். சம்பாதிக்கிற வயதில் மகன் கூட இருக்கிறான் என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். முதல் மனு அப்படித்தான் போயிருக்கும். இரண்டாவது மனுவோடு அதே அட்டையை நானே என் கையால் பின் அடித்து வைத்திருக்கிறேன்.

பின்னைப் பிடுங்கினேன். ‘என் ஒரே மகன் 2021ஆம் ஆண்டு மே மாதம் இறந்துவிட்டார், குடும்ப அட்டையில் அவர் பெயர் இன்னும் நீக்கப்படவில்லை, எனக்கு வேறு ஆதரவு இல்லை’ என்று நாலாவது வரியில் ஏற்றினேன். அட்டையில் பெயர் நீக்கத் தனியாக ஒரு விண்ணப்பம் அடித்தேன்.

“இறப்புச் சான்றிதழ் இருக்கா ஆயா?”

இடுப்பிலிருந்து சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலைக் காம்பு, பத்து ரூபாய் நோட்டு, அதற்கு அடியில் சின்னதாக மடித்த லேமினேஷன் போடாத தாள். மடிப்பில் கிழிந்திருந்தது. “இதத்தான் யாரும் கேக்கலியே” என்று நீட்டினார். ஜெராக்ஸ் கடைப் பையனைக் கூப்பிட்டு, கண்ணாடிமேல் நானே விரித்து வைத்து, மூன்று காப்பி எடுக்கச் சொன்னேன்.